கூடத்தில் பழைய ஆட்டம்

பழைய வீடியோ விளையாட்டுகளைக் கூடத்தில், பெரிய டெலிவிஷனில், எமுலேட்டர் வைத்து ஆடுவதற்கு என்ன வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு இப்போது நிறையப் பேர் பதில் சொல்கிறார்கள். எல்லாம் கடைக்காரர் பதில்கள். இந்தப் பெட்டி வேகமானது, அந்தப் பெட்டி மலிவு, இதில் பத்தாயிரம் விளையாட்டு அடங்கும், அதில் இருபதாயிரம் அடங்கும். கேட்கிறவர்களும் அந்த மட்டில் திருப்தியடைந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ இது கடைக்காரர்களிடம் விட்டுவிடக்கூடிய விஷயமாகப் படவில்லை. ஒரு பழைய விளையாட்டை எந்தத் திரையில், எந்த வேகத்தில், எதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடுவது என்று தீர்மானிக்கிறவன், அந்த விளையாட்டில் எது சாரம், எது தற்செயல் என்றும் கூடவே தீர்மானித்துவிடுகிறான். தெரிந்தோ தெரியாமலோ அவன் செய்வது விமரிசனம்தான். தெரிந்தே செய்தால் நல்லது.

எமுலேட்டர் என்பது ஒரு யந்திரத்தின் நடத்தையை வேறொரு யந்திரத்தில் நடித்துக் காட்டும் புரோகிராம். 1983-ல் நிண்டெண்டோ கம்பெனி ஜப்பானில் பாமிகாம் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. நம் ஊரில் எல்லோரும் 'கேசட்' என்று சொல்லிவந்த பிளாஸ்டிக் கட்டைக்குள் இருந்த விளையாட்டு, தான் இன்னும் அந்தப் பழைய பெட்டிக்குள்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டே ஓடவேண்டும். அந்த நம்பிக்கையைக் குலைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எமுலேட்டரின் வேலை. மொழிபெயர்ப்பாளனின் வேலையும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு தொழிலிலும் விழும் தவறுகள்கூட ஒரே ஜாதியைச் சேர்ந்தவை.

உதாரணமாக, நிண்டெண்டோவின் அடுத்த பெட்டியான சூப்பர் பாமிகாம் 1990-ல் வந்தது. அதன் மூளை அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுவது. பி.எஸ்.நெஸ் என்ற எமுலேட்டரை எழுதியவர் 2011-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பெட்டியை அணு பிசகாமல் நடித்துக் காட்டுவதற்கு 3 கிகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது என்பது அவர் கட்சி. கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. இத்தனை எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று, 'ஏர் ஸ்ட்ரைக் பேட்ரோல்' என்ற விமான விளையாட்டு. அவசரமாக எழுதப்பட்ட எமுலேட்டர்களில் அது தாராளமாக ஓடும். விமானம் பறக்கும், சுடும், வெடிக்கும். தரையில் விழவேண்டிய விமானத்தின் நிழல் மட்டும் இராது. அந்த நிழலை, திரையில் ஒரு வரி பாதி வரையப்பட்டுக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து உண்டாக்கியிருந்தார்கள். வரிவரியாக மட்டும் கணக்குப் பார்க்கும் எமுலேட்டருக்கு அது கண்ணில் படுவதில்லை. கதை முழுவதும் வந்துவிட்டது, நிழல்தான் வரவில்லை என்று சொல்லத்தக்க மொழிபெயர்ப்புகள் நம்மிடமும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு மூல ஆசிரியரைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மூலத்தில் இருந்த குறைகளையும் காப்பாற்ற வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வேண்டும் என்பது என் பதில். ஆனால் காரணத்தை விளக்கியாக வேண்டும். 1978-ல் டைட்டோ கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். ஐந்து வரிசையாக, வரிசைக்குப் பதினொன்றாக, 55 பூச்சிகள் மேலேயிருந்து இறங்கி வருகின்றன. அத்தனையையும் வரைந்து முடிப்பதற்குள் அந்தக் காலத்து யந்திரத்துக்கு மூச்சு முட்டியது. அதனால் ஆரம்பத்தில் மெதுவாக நகரும். சுடச்சுட எண்ணிக்கை குறையும். வரையவேண்டியது குறையக்குறைய வேகம் கூடும். கடைசியில் மிஞ்சும் ஒற்றைப் பூச்சி பைத்தியம் பிடித்தாற்போல் ஓடும். யந்திரத்தின் பலவீனத்தில் பிறந்த இந்தப் பதற்றத்தை நிஷிகாடோ திருத்தவில்லை, வைத்துக்கொண்டார். இன்றைய கம்ப்யூட்டரின் முழு வேகத்தையும் அந்த விளையாட்டுக்குக் கொடுத்து 'சரி'செய்துவிட்டால் அங்கே விளையாட்டே மிஞ்சாது. குறை எங்கே முடிந்து உத்தி எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிப்பது செய்தவனுக்கே சுலபமில்லை.

பாமிகாமில் ஒரே வரியில் எட்டு உருவங்களுக்கு மேல் வரைய முடியாது. ஒன்பதாவது உருவம் மறைந்துபோகும். அதனால்தான் கூட்டம் சேர்ந்த இடங்களில் படம் மினுக்கும். பல எமுலேட்டர்களில் இந்த எல்லையை நீக்கிவிட ஒரு வசதி உண்டு. நல்லதுதானே என்று நீக்கிவிட்டு 1987-ல் வெளியான இரண்டாவது 'காஸில்வேனியா'வை ஆடினால், சதுப்பு நிலத்தில் இறங்கும் கதாநாயகனின் கால்கள் சேற்றுக்கு மேலே தெரியும். சேற்றில் புதைவதைக் காட்டுவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத உருவங்களை அந்த வரிகளில் அடுக்கி, கால்களை ஒன்பதாவதாகத் தள்ளி மறைத்திருந்தார்கள். எல்லையையே தூரிகையாகப் பிடித்துவிட்டார்கள். வெண்பாவின் தளையைத் தளர்த்தி எளிமைப்படுத்திக் கொடுத்தால் கவிக்கு உபகாரம் செய்ததாகாது.

இனித் திரை. இங்கேதான் பெரும்பாலான கூடங்கள் தோற்றுப்போகின்றன.

தெருக்கூத்துக்காரன் முகத்தில் பூசிக்கொள்ளும் அரிதாரம் தீவட்டி வெளிச்சத்துக்காகப் பூசப்படுவது. அதே முகத்தை மின்சார விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் கிட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் கோரமாக இருக்கும். கூத்துக்கலையே கோரமானது என்று சொல்லிவிட்டுப் போகிறவரும் உண்டு. பழைய விளையாட்டுகளின் சித்திரங்கள் பிக்சர் ட்யூப் டெலிவிஷனுக்காகப் பூசப்பட்ட அரிதாரம். ட்யூபில் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியோடு லேசாகக் கசிந்து கலக்கும். வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய இருட்டு இருக்கும். மூலைகள் கொஞ்சம் வளைந்திருக்கும். சித்திரக்காரர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு வேலை செய்தார்கள். 1991-ல் ஸேகா வெளியிட்ட 'சானிக்' விளையாட்டில் அருவி ஒன்று வரும். நெட்டுக்குத்தாக ஒரு கோடு தண்ணீர், ஒரு கோடு வெறுமை, மறுபடி ஒரு கோடு தண்ணீர் என்று வரைந்திருக்கிறார்கள். சாதாரண ஏ.வி. கம்பி வழியாக ட்யூப் டி.வி.க்குப் போகும்போது கோடுகள் ஒன்றில் ஒன்று கரைந்து, பின்னாலிருப்பது தெரியும் நீராக மாறிவிடும். இன்றைய எல்.இ.டி. டி.வி.யில், எச்.டி.எம்.ஐ. கம்பியின் துல்லியத்தில், அது அருவியாக இராது. கம்பி போட்ட ஜன்னலாக இருக்கும். 1997-ல் வந்த 'சிம்பனி ஆப் தி நைட்'டில் டிராகுலாவின் முகத்தை இரண்டு திரைகளிலும் பார்க்கவேண்டும். ட்யூபில் கண்ணில் ஒரு சிவப்பு ஒளி கனன்றுகொண்டிருக்கும். தட்டைத் திரையில் அதே இடத்தில் ஒரு சிவப்புச் சதுரம் இருக்கும்.

நண்பர் ஒருவரின் மகள், பன்னிரண்டு வயது, இப்படிப்பட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு, அந்தக் காலத்துல யாருக்கும் படம் போடத் தெரியாதா?" என்று கேட்டாள். குழந்தையைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவள் பார்த்ததை வைத்துப் பேசினாள். மோசமான பதிப்பைக் கையில் கொடுத்துவிட்டு நூலை மதிக்கவில்லையே என்று வருத்தப்படுவது நியாயமாகாது. ஒரு தலைமுறை இப்படி ஒரு கலையைத் தள்ளிவைத்துவிடும் என்ற பயம்தான் என்னை இந்த அற்ப விஷயத்தைப் பற்றி இவ்வளவு எழுதச் செய்கிறது.

அப்படியானால் ட்யூப் டி.வி.யே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒலிபரப்பு நிலையங்களில் உபயோகித்துக் கழித்த ஸோனி மானிட்டர்களைத் தேடிப் பிடித்து, பூஜை அறைபோல் ஒன்றை அமைத்துக்கொண்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். 1989-ல் ஸோனி செய்த 43 அங்குல ட்யூப் டி.வி. ஒன்று சுமார் 200 கிலோ எடை. அப்படிப்பட்ட வஸ்துவைக் கடல் தாண்டிக் கொண்டுபோன பக்தர்களும் உண்டு. இந்தப் பக்தியை நான் கேலி செய்யவில்லை. ஆனாலும், ட்யூப் இப்போது தயாராவதில்லை. இருப்பவை ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு கலை உயிரோடிருப்பதற்கு, செத்துக்கொண்டிருக்கும் கண்ணாடியையே நிபந்தனையாக வைத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். பரணில் ஓடக்கூடிய நிலையில் ட்யூப் டி.வி. இருந்தால் எடைக்குப் போடாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. 1984-ல் வந்த 'டக் ஹண்ட்' போன்ற துப்பாக்கி விளையாட்டுகள். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலிருக்கும் கண் அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே தேடும். தட்டை டி.வி. படத்தைக் காட்டுவதற்குள் தேடல் முடிந்துபோயிருக்கும். வாத்து சிரஞ்சீவியாகிவிடும்.

மற்றவற்றுக்குத் தட்டை டி.வி.யே போதும், சில கட்டுப்பாடுகளோடு. முதலாவது, படத்தை நாலுக்கு மூன்று என்ற பழைய அளவிலேயே வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிடவேண்டும். பணம் கொடுத்து வாங்கிய திரையில் பாதி சும்மா கிடக்கிறதே என்று அங்கலாய்த்து இழுத்து நிரப்பினால், மாரியோ குட்டையாகப் பருத்து மாவு மில் முதலாளி மாதிரி ஆகிவிடுகிறார். 240 வரிப் படம் 2160 வரித் திரையில் சரியாக ஒன்பது மடங்காகப் பெருகும். 1080 வரித் திரையில் நாலரை மடங்கு. அந்த அரையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வரிகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் வரும். அதற்கு நாலு மடங்கோடு நிறுத்தி, மேலும் கீழும் சிறிது இடம் விடுவது மேல். பிறகு, ட்யூபின் வரியிருட்டையும் கசிவையும் பாவனை செய்யும் வடிகட்டி ஒன்றை லேசாகப் போட்டுக்கொள்ளலாம். அருவி மறுபடி அருவியாகும். ஆனால் புள்ளிகளின் விளிம்பையெல்லாம் தேய்த்து வழவழவென்று ஆக்கும் வடிகட்டிகள் உண்டே, அவற்றை வீட்டுக்குள் விடக்கூடாது. பழைய சிற்பத்துக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கும் திருப்பணி அது.

டெலிவிஷனின் 'கேம் மோட்' என்ற வசதியை இயக்கிவைப்பது மிக அவசியம். இன்றைய டி.வி. வந்த படத்தை அப்படியே காட்டுவதில்லை; அழகுபடுத்திக் காட்டுகிறது. அதற்குள் பழைய விளையாட்டின் கணக்கில் பல படங்கள் கடந்துபோய்விடும். ஒரு படத்துக்கு ஆயுள் வினாடியில் அறுபதில் ஒரு பங்குதான். பொத்தானை அமுக்குவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு தயக்கம் புகுந்துவிட்டால், ஆடுகிறவன் தன் கை மழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். கம்பியில்லாத மலிவுக் கன்ட்ரோலர்களும் இந்தப் பாவத்தில் பங்குதாரர்கள்.

வேகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஜப்பானும் அமெரிக்காவும் வினாடிக்கு 60 படம் என்ற முறையில் டெலிவிஷன் பார்த்தன. ஐரோப்பாவில் பெரும் பகுதி, 1982-ல் வர்ண ஒளிபரப்பைத் தொடங்கிய இந்தியா, எல்லாம் 50 படம் என்ற பால் முறை. அங்கே செய்த விளையாட்டை இங்கே மாற்றாமல் விட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். ஐரோப்பியக் குழந்தைகள் முதல் 'சானிக்'கை அப்படித்தான் ஆடினார்கள். அதில் மஸாட்டோ நகமுரா அமைத்த சங்கீதத்தையும் இழுத்து இழுத்துத்தான் கேட்டார்கள். கிராமபோன் தட்டைத் தவறான வேகத்தில் வைத்துக் கேட்டவர்களுக்கு இது புரியும். வேகமே குணமாகக் கொண்ட ஒரு முள்ளெலியை மெதுவாக ஓடவிட்டு ரசித்தார்கள். சேகரிப்பில் ஒரே விளையாட்டின் ஐரோப்பியப் பிரதியும் அமெரிக்கப் பிரதியும் இருந்தால், எதை எடுப்பது என்பது பாடபேதம் பார்க்கிற காரியம். சொந்தக்காரர்களே இதில் அசிரத்தையாக இருக்கலாம். 2018-ல் ஸோனி தன் முதல் பிளேஸ்டேஷனின் சின்ன உருவம் ஒன்றை 20 விளையாட்டுகளோடு விற்றது. அதில் ஒன்பது, 'டெக்கன் 3' உட்பட, 50 படப் பிரதிகள். உள்ளே இருந்த எமுலேட்டரும் ஸோனி எழுதியதல்ல. ஆர்வலர்கள் எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்திருந்த ஒன்று. தமிழ்ப் பதிப்பக நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

பாடபேதத்தில் செவிக்கு லாபமான உதாரணமும் உண்டு. மூன்றாவது 'காஸில்வேனியா' 1989-ல் ஜப்பானில் வந்தபோது, கேசட்டுக்குள்ளேயே ஒரு விசேஷச் சில் வைத்து, பெட்டியின் ஐந்து குரல்களோடு இன்னும் மூன்று குரல்களைச் சேர்த்திருந்தார்கள். அமெரிக்கப் பதிப்பில் அந்த மூன்றும் கிடையாது. பக்கவாத்தியம் இல்லாத கச்சேரிதான் அங்கே கேட்டார்கள். எமுலேட்டரில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். எந்தப் பழைய பெட்டியும் அந்தக் காலத்தில் கொடுக்காத சௌகரியம் இது.

யந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. ராஸ்பெரி பை போன்ற சிறு கம்ப்யூட்டரோ, மூலையில் கிடக்கும் பழைய லாப்டாப்போ, எண்பதுகளின் விளையாட்டுகளுக்குப் போதும். 2017-ல் தொடங்கிய மிஸ்டர் என்ற திட்டம், புரோகிராமால் நடிக்காமல், சில்லின் உள் இணைப்புகளையே பழைய யந்திரத்தைப்போல மாற்றி அமைத்துக்கொள்கிறது. காசு கூட ஆகும். கன்ட்ரோலர் விஷயத்தில்தான் சிக்கனம் கூடாது. பாமிகாமில் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கட்டைவிரல் நுனியால் ஒன்றை அமுக்கி ஓடிக்கொண்டே, அதே விரலின் கணுவைச் சாய்த்து மற்றதை அமுக்கிக் குதிக்கவேண்டும். நாலு பொத்தானை வைர வடிவில் அடுக்கிய இன்றைய கன்ட்ரோலரில் எந்த இரண்டை அதற்கு ஒதுக்குவது என்பதை யோசித்துச் செய்யாவிட்டால் விரல் சுளுக்கிக்கொள்ளும். 2016-ல் நிண்டெண்டோ விற்ற குட்டிப் பெட்டியில் படமும் சத்தமும் நன்றாகவே இருந்தன. கம்பி மூன்றடிக்கும் குறைவு. சோபாவில் உட்கார்ந்தவன் டி.வி.க்கு எதிரில் தரையில் வந்து உட்காரும்படி ஆயிற்று. ஒருவேளை அதுவும் பழமைக்கு விசுவாசம்தானோ என்னவோ.

எமுலேட்டர் தரும் இன்னொரு சலுகை, எந்தக் கணத்திலும் ஆட்டத்தை அப்படியே பதிவு செய்துவைத்து, செத்தால் அங்கிருந்தே தொடரலாம் என்பது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது அவசியம் என்று ஒப்புக்கொள்கிறேன். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போகத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு தாவலுக்கு முன்னும் பதிவு செய்துகொண்டு போகிறவன் ஆடவில்லை, நகலெடுக்கிறான். 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். அவ்வளவு சிறிய பொருள் அத்தனை பெரிதாகத் தோன்றியதற்குக் காரணம், உயிர் போனால் போனதுதான் என்பது. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் அரைமணியில் முடிந்துபோகிற ஒரு சின்னப் படம் அது.

பத்தாயிரம் விளையாட்டு அடங்கிய பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றை வாங்கியவர்கள் வாங்கிய அன்றிரவு பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். பதினைந்து, இருபது போதும். விற்பனையில் இருப்பதைக் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல என்று 2000-ல் ஸோனி - கனெக்டிக்ஸ் வழக்கில் அமெரிக்க அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. விளையாட்டின் பிரதியை இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை. விற்பனையில் இல்லாததை என்ன செய்வது? அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவிகிதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. நூலகங்கள் அவற்றைத் தூரத்திலிருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட அனுமதி வேண்டும் என்று கேட்டதற்கு, 2024 அக்டோபரில் அங்குள்ள காப்பிரைட் இலாகா மறுத்துவிட்டது. சாமிநாதையர் 1887-ல் சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு, எங்கோ ஒரு வீட்டுப் பரணில் யாரோ சுவடியைக் கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது உதவியது. இந்த விளையாட்டுகளும் இப்போதைக்கு வீடுகளில்தான் இருக்கின்றன. அவற்றை எந்த நிலையில் வைத்திருக்கிறோம் என்பதும் வீடுகளின் பொறுப்பாகிவிட்டது.

ஏன் கூடம், அறைக்குள் தனியாக வைத்து ஆடக்கூடாதா என்று கேட்பார்கள். சிலவற்றை ஆடலாம். கையடக்கமான கேம் பாய்க்குச் செய்த விளையாட்டுகளைக் கூடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம்; உள்ளங்கைக்கு எழுதிய கடிதத்தைச் சுவரொட்டியாக ஒட்டுவதுபோல இருக்கும். ஆனால் 1988-ல் வீட்டுப் பெட்டிக்கு வந்த 'காண்ட்ரா'வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றாவது கட்டம் ஓர் அருவி. இரண்டு பேர் பாறை பாறையாக மேலே ஏறவேண்டும். முன்னால் ஏறுகிறவனோடு திரையும் ஏறும். பின்தங்கியவன் நிற்கும் பாறை திரைக்குக் கீழே போனால் அவன் உயிர் போய்விடும். எதிரியின் குண்டைவிடக் கூட்டாளியின் அவசரம் ஆபத்தானது. "இருடா, இருடா" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டால்தான் அந்தக் கட்டம் ஆடியதாகக் கணக்கு. அதற்குச் சோபாவில் இரண்டு பேருக்கு இடமும், மேஜை மேல் இரண்டாவது கன்ட்ரோலரும் வேண்டும். கடைகளில் ஒன்றைத்தான் பெட்டியோடு கொடுக்கிறார்கள். மற்றதற்குத் தனியாகப் பணம் எடுத்துவைத்துக்கொண்டு போகவேண்டும்.